இசைவாணி உயிரோடுதான் இருக்கிறாள்

ஊசிப்பாறைப்பட்டி
23.10.2005

அன்புள்ள தம்பி சீனிவாசகத்துக்கு அக்கா சோலையம்மாள் எழுதிக்கொள்வது. கோயம்புத்தூரில் விடாத மழை என்று டீக்கடை ரேடியோவில் சொன்னார்கள். உனக்கு அந்த ஊர்க் குளிர் சேராது. உன் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் சுகமா? எனக்குக் கையும் காலும் நன்றாக இருக்கின்றன. அதுவரைக்கும் சுகம்தான்.

போனில் பேசலாம் என்றுதான் போனேன். காசு போடுகிற போன் டீக்கடையில் இருக்கிறது. வெடிக் கம்பெனி ஆட்கள் எந்நேரமும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால் எழுதுகிறேன். நீ வக்கீலிடம் குமாஸ்தாவாக இருக்கிறாய். உனக்குத் தெரியாததை உன் வக்கீலிடம் கேட்டு எழுது.

இசைவாணியைத் திருத்தங்கலில் கட்டிக்கொடுத்து இரண்டு மாசம் ஆகப்போகிறது. மாப்பிள்ளை முனியராஜ் வீட்டு ரேசன் கார்டில் அவள் பேரைச் சேர்க்க வேண்டும். நம் கார்டில் அவள் பேரை எடுத்ததற்குச் சீட்டு வேண்டும் என்றார்கள். அதற்காக நானும் அவளும் ஆபீசுக்குப் போனோம். ஜன்னலுக்கு உள்ளே இருந்தவர் பெரிய நோட்டைப் புரட்டிவிட்டு, "இந்தப் பேரை போன வருசமே எடுத்தாச்சேம்மா. இறப்புன்னு போட்டிருக்கு" என்றார். இசைவாணி பக்கத்தில் நின்றவள், "அது நான்தாங்க" என்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். நான் அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

சின்னவள் காரியத்துக்கு நீ வந்திருந்தபோது இதை உன்னிடம் சொல்லவில்லை. இசைவாணிக்கு வெடி மருந்துத் தூள் நெஞ்சில் சேர்ந்து இருமல் வந்து படுத்தாள் அல்லவா. சீசன் நேரத்தில் பத்து நாள் போகாவிட்டால் கம்பெனியில் அந்த இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். வீட்டில் ஒருத்தி படுத்தால் இன்னொருத்தி அவள் பேரில் போவாள். இங்கே எல்லா வீட்டிலும் நடக்கிறதுதான். சின்னவளுக்கு அப்போது பதினைந்து வயசு. சொந்தப் பேரில் போனால் சேர்க்க மாட்டார்கள். போர்மேன் வெள்ளைத்துரைதான், "பேரு சரியா இருந்தாப் போதும். கை எந்தக் கையா இருந்தா என்ன" என்றார். இருமல் நின்ற பிறகும் சின்னவளே போனாள். திரி சொருகுவதில் அவள் கை வேகம். பெரியவளைத் தையல் படிக்க விட்டேன்.

போன வருசம் ஆடியில் சின்னவள் வேலை செய்த அறை தீப்பிடித்தது. ஆஸ்பத்திரிச் சீட்டில் இசைவாணி. இறப்புச் சான்றிலும் இசைவாணி. நஷ்டஈட்டுக்கு வேண்டியதை எல்லாம் கம்பெனிக்காரர்களே எடுத்துக்கொண்டு வந்தார்கள். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

செத்துப்போனதாக எழுதியவளை உயிரோடு இருக்கிறாள் என்று திருத்த முடியுமா? திருத்தினால் கொடுத்ததைக் கம்பெனி திருப்பிக் கேட்குமா? என்னைப் பிடித்து உள்ளே வைப்பார்களா? வைத்தாலும் பரவாயில்லை, தெரிந்துகொள்ளக் கேட்கிறேன். அந்தப் பிள்ளை புகுந்த வீட்டில் நிலைக்க வேண்டும்.

பிள்ளைகளை மழையில் நனைய விடாதே.

அக்கா சோலையம்மாள்


கோயம்புத்தூர்
5.11.2005

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி சீனிவாசகம் வணக்கம். இங்கே குளிர் இருந்தாலும் யாரும் படுக்கவில்லை. தீபாவளிக்குப் பிள்ளைகள் வெடி கேட்டார்கள். கம்பி மத்தாப்புகூட வாங்கிக்கொடுக்க என்னால் முடியவில்லை. நீ அந்த நாளை எப்படிக் கழித்தாயோ.

உன் கடிதத்தை வக்கீல் ஐயாவிடம் வாசித்துக் காட்டினேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். திருத்த முடியும். நஷ்டஈடு என்பது அங்கே வேலை செய்து உயிர் போன ஆளுக்காக அவரை நம்பி இருந்தவர்களுக்குக் கொடுப்பது. பேர் மாறினதாலும் வயசு குறைந்ததாலும் அந்த உரிமை போகாது. வயசு நிறையாத பிள்ளையை வேலைக்கு வைத்தவனைத்தான் சட்டம் முதலில் கேட்கும். நீ தப்பான பேரை ஒத்துக்கொண்டாய் என்று கேள்வி வரலாம். ஆனால் நாமாகப் போய் உண்மையைச் சொல்வது வேறு, அவர்கள் கண்டுபிடித்து இழுப்பது வேறு.

இரண்டு காரியம் ஆக வேண்டும். இசைவாணி பேரில் இருக்கிற இறப்புப் பதிவை ரத்து செய்ய வேண்டும். சின்னவள் பானுப்பிரியா இறந்ததைப் பதிய வேண்டும். ஒரு வருசம் தாண்டிவிட்டதால் மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். வக்கீலுக்கு என்ன செய்வது என்று பயப்படாதே. பெண்களுக்கு இலவசமாக வக்கீல் வைத்துக்கொடுக்கச் சட்டம் இருக்கிறது. வருமானம்கூடக் கேட்க மாட்டார்கள். கோர்ட்டு வளாகத்தில் சட்ட உதவி மையம் எது என்று கேள்.

பானுவின் பள்ளிக்கூடச் சான்றிதழை எடுத்து வை. அவளை நன்றாகத் தெரிந்த இரண்டு சாட்சிகள் வேண்டும். இன்னொன்று. ஆஸ்பத்திரியில் இசைவாணி என்று பேர் கொடுத்தது யார்? அதை மட்டும் விவரமாக எழுது. கோர்ட்டில் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

வேளைக்குச் சாப்பிடு.

தம்பி சீனிவாசகம்


ஊசிப்பாறைப்பட்டி
27.11.2005

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது. உன் கடிதம் வந்த அன்று வயிறு நிறையச் சாப்பிட்டேன். சட்டம் நம் பக்கம் கொஞ்சமாவது இருக்கிறது என்று தெரிந்ததே போதும். தீபாவளி அன்று கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தேன். இங்கே யாரும் வெடிக்கிறதில்லை. செய்கிறவர்கள் கையில் அன்றைக்கு வெடி இருக்காது, தூக்கம்தான் இருக்கும்.

கடிதத்தைச் சண்முகத்தாயிடம் வாசித்துக் காட்டினேன். கம்பெனியில் சின்னவளுக்கு அடுத்த மணையில் உட்கார்ந்து வேலை செய்தவள் அவள்தான். சாட்சி சொல்ல வருவாயா என்று கேட்டேன். "வாரேன் மதினி. அதுக்கு முன்னால எனக்கு ஒண்ணு கேட்டுச் சொல்லு. ஒரு நாள் லீவு போட்டா ரெண்டு நாள் கூலியப் பிடிக்கான். அது எந்தச் சட்டத்துல இருக்கு?" என்றாள்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த எதிர்வீட்டு இருளம்மாளும் வந்துவிட்டாள். "எங்கய்யா கட்டுன வீடு. எங்கண்ணன் ஒத்த ஆளா அனுபவிக்கான். பொட்டப்பிள்ளைக்கு அதுல ஒரு மூலைகூடக் கிடையாதா?" என்கிறாள். உன் வக்கீலிடம் கேட்டு எழுது. போலீசார் விசாரிக்க வேண்டும் என்றால் பெண்பிள்ளையை ஸ்டேசனுக்குக் கூப்பிடலாமா? அதையும் எழுது. அது எனக்காகக் கேட்கிறேன்.

பள்ளிக்கூடச் சான்றிதழ் இருக்கிறது. எட்டாவது முடித்தபோது வாங்கியது.

இசைவாணி நன்றாக இருக்கிறாள். மாமியார் பொன்னுத்தங்கம் கார்டு என்னாச்சு என்று இரண்டு தடவை கேட்டுவிட்டாளாம். ஆபீசில் லேட்டாகிறது என்று சொல்லி வைத்திருக்கிறோம்.

குளிருக்குத் தலையில் துண்டு கட்டிக்கொள்.

அக்கா சோலையம்மாள்


கோயம்புத்தூர்
9.12.2005

அன்புள்ள அக்காவுக்கு, நலமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். உங்கள் தெருவுக்கே நான் குமாஸ்தா ஆகிவிட்டேன் போலிருக்கிறது.

வராத நாளுக்குக் கூலி இல்லை என்றால் சரி. வந்த நாளின் கூலியையும் சேர்த்துப் பிடிக்கச் சட்டம் இல்லை. இருளம்மாளின் அய்யா எழுதிவைக்காமல் இறந்திருந்தால் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. மூலை இல்லை, சரிபாதி. பெண்களை விசாரிக்க வேண்டுமானால் போலீசார்தான் வீட்டுக்கு வர வேண்டும். ஸ்டேசனுக்கு வா என்று கூப்பிடக்கூடாது.

ஊரார் கேள்விக்கெல்லாம் பதில் எழுதிவிட்டேன். நான் கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் வரவில்லை. ஆஸ்பத்திரியில் அந்தப் பேரைக் கொடுத்தது யார்?

உடம்பைப் பார்த்துக்கொள்.

சீனிவாசகம்


ஊசிப்பாறைப்பட்டி
30.1.2006

அன்புள்ள தம்பிக்கு, பொங்கலுக்குக் கடிதம் போடாததை மனசில் வைக்காதே. கை ஓடவில்லை. எல்லாரும் சுகமாக இருங்கள்.

இருளம்மாள் உன் கடிதத்தை அண்ணனிடம் கொண்டுபோய் நீட்டியிருக்கிறாள். அவன், "கோயம்புத்தூர்ச் சட்டம் ஊசிப்பாறைப்பட்டிக்குச் செல்லாது" என்று சொல்லி அனுப்பிவிட்டானாம். அவள் இன்னும் விடவில்லை.

இசைவாணி உண்டாகியிருக்கிறாள், மூன்றாம் மாசம். சொல்ல வேண்டிய நல்ல சேதி. ஆனால் அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். பொன்னுத்தங்கம் சண்டை போடவில்லை. காப்பி குடித்தாள். குடித்துவிட்டு, "கோவிச்சுக்கிடாதீக மதினி. கவர்மெண்டு நோட்டுல செத்தவ எங்க வாசல்ல கோலம் போடுதா. ஊர் ஒரு மாதிரி பேசுது. நாளைக்குப் பிறக்கிற பிள்ளைக்குத் தாய் பேரு என்னன்னு எழுதுவாக? பேரச் சரி பண்ணிட்டு நீங்களே கொண்டாந்து விடுங்க" என்றாள். குடித்த டம்ளரை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினேன்.

மாப்பிள்ளை நல்ல பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பைக்கில் வருகிறார். "வேலை பாக்குற பிரஸ்ல எனக்குப் பேரே மாறிப்போச்சு அத்தை. பேயக் கட்டுனவன்னுதான் கூப்பிடுதாக" என்று சிரித்தார். இசைவாணி உள்ளே இருந்துகொண்டு, "அந்தப் பேய்க்குப் புளிப்பா எதாச்சும் வாங்கிட்டு வரச் சொல்லுங்கம்மா" என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமியார் சொல்லைத் தாண்டிக் கூட்டிக்கொண்டு போக அவருக்கும் தைரியம் இல்லை.

கோர்ட்டுக்குப் போகப்போகிறோம் என்று எப்படியோ கம்பெனிக்குத் தெரிந்துவிட்டது. வெள்ளைத்துரை வந்தார். "சோலையம்மா, நீ கோர்ட்டுக்குப் போனா மொதல்ல எம் பேருதான் வரும். எனக்கும் ரெண்டு பொட்டப்பிள்ளைக இருக்கு" என்றார். கண் கலங்கித்தான் சொன்னார். பிறகு, "உனக்கு ஒரு அடையாளந்தான வேணும்? சின்னவ பேரு கார்டுல உசுரோடதான இருக்கு. பெரியவ அந்தப் பேர எடுத்துக்கிடட்டும். அன்னைக்கு அக்கா பேருல தங்கச்சி போனா. இன்னைக்குத் தங்கச்சி பேருல அக்கா போறா. யாருக்கு என்ன நட்டம்" என்றார்.

அவர் போன பிறகு அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அப்படிச் செய்யச் சட்டத்தில் இடம் இருக்கிறதா தம்பி? செய்தால் கோர்ட்டு வேண்டாம். வெள்ளைத்துரைக்கும் பாதகம் இல்லை. கார்டில் அந்தப் பேர் அப்படியே இருக்கும். யாரும் அடிக்க மாட்டார்கள்.

பள்ளிக்கூடச் சான்றிதழை இதோடு வைத்திருக்கிறேன். பத்திரம்.

அக்கா சோலையம்மாள்


கோயம்புத்தூர்
12.2.2006

அன்புள்ள அக்காவுக்கு, இசைவாணி உண்டாகியிருப்பது கேட்டு நாங்கள் எல்லாரும் சந்தோசப்பட்டோம். அவளை வெயிலில் அலைய விடாதே. நீயும் அலையாதே.

வெள்ளைத்துரை சொன்ன வழி வேண்டாம். இசைவாணி பானுப்பிரியா ஆனால் சட்டப்படி அவளுக்குப் பதினெட்டு நிறையவில்லை. மைனர் பிள்ளையைக் கட்டியவர் என்று மாப்பிள்ளை மாட்டுவார். கல்யாணத்தில் முன்னால் நின்ற நீயும் நானும் பொன்னுத்தங்கமும் சேர்ந்து மாட்டுவோம். ஒரு பொய்யை மூட இன்னொரு பேரை எடுத்தால் இந்த முடிச்சு அடுத்த தலைமுறை வரைக்கும் போகும்.

நீ எதற்காக அதைக் கேட்டாய் என்பது எனக்குப் புரிகிறது. அந்தப் பேர் கார்டில் இருப்பதால் பிள்ளை இருக்கிறாள் என்று ஆகாது அக்கா.

உங்கள் ஊர்ப்பக்கத்து வக்கீல் ஒருவர் எங்கள் ஐயாவுக்குப் பழக்கம். அவர் மூலமாகத் தீ விபத்து வழக்கின் நகலை வாங்கிப் பார்த்தோம். ஆஸ்பத்திரியில் எடுத்த மரண வாக்குமூலம் அதில் இருக்கிறது. 'என் பெயர் இசைவாணி, வயது பத்தொன்பது' என்று சொன்னது அந்தப் பிள்ளையேதான். நீ இல்லை, போர்மேன் இல்லை. எதிரே நிற்கிறவர்கள் இதைத்தான் பிடித்துக்கொள்வார்கள். உடம்பு வெந்து கிடக்கும்போது ஏன் அப்படிச் சொன்னாள்? அப்போது நீ எங்கே இருந்தாய்?

குற்றம் பிடிக்கக் கேட்கவில்லை. எட்டாவது முடித்ததும், "மாமா, கோயம்புத்தூர்ல பள்ளிக்கூடம் எப்பிடி இருக்கும்" என்று அவள் என்னிடம் கேட்டாள். இரண்டு அறை வீட்டில் எங்கே படுக்க வைப்பது என்று நினைத்து, பெரிய பள்ளிக்கூடம் என்று மட்டும் சொன்னேன். நானும் தூங்கி நாளாகிறது.

சீனிவாசகம்


கோயம்புத்தூர்
20.3.2006

அன்புள்ள அக்காவுக்கு, நலம் அறியக் கார்டு போடுகிறேன். ஒரு மாசத்துக்கு மேல் ஆகிவிட்டது, உன்னிடமிருந்து கடிதம் இல்லை. என் மேல் கோபமானாலும் இரண்டு வரி எழுதிக் கோபப்படு. இசைவாணிக்கு ஊசி போட்டாயிற்றா? சட்ட உதவிக்குப் போனாயா, இல்லையா?

சீனிவாசகம்


ஊசிப்பாறைப்பட்டி
16.4.2006

அன்புள்ள மாமாவுக்கு இசைவாணி எழுதுவது. அத்தைக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்லுங்கள். நானும் வயிற்றில் இருப்பதும் சுகம். அம்மா எழுத மாட்டேன் என்கிறாள், அதனால் நான் எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் வந்ததிலிருந்து அம்மா சரியாகப் பேசுவதில்லை. இரண்டு தடவை பேனாவை எடுத்தாள். 'அன்புள்ள தம்பிக்கு' என்று எழுதிவிட்டு மூடி வைத்துவிட்டாள். நான்தான் வற்புறுத்திச் சட்ட உதவிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எங்களுக்குக் கொடுத்த வக்கீலம்மா சின்ன வயசுதான். பொறுமையாகக் கேட்டு மனு எழுதினார். ஆஸ்பத்திரி விசயத்தை அவரும் கேட்டார். அம்மா, "கோர்ட்டுல சொல்லுதேன்" என்றாள்.

தேர்தல் பட்டியலிலும் என் பேர் இல்லை. செத்தவளுக்கு ஓட்டு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். "ஏன், செத்தவுக ஓட்டெல்லாம் வருசா வருசம் விழத்தான செய்யுது, இவளுக்கு மட்டும் என்ன தனிச் சட்டம்" என்று சண்முகத்தாய் அத்தை அங்கேயே சத்தம் போட்டாள். எல்லாரும் சிரித்தார்கள்.

மாமா, எனக்கு ஒன்று தெரிய வேண்டும். பேரை மாற்றிக்கொள்ளச் சட்டம் இருக்கிறதாமே. அவள் பேரும் வேண்டாம், என் பேரும் வேண்டாம், புதுசாக வேறு ஒரு பேர் வைத்துக்கொள்கிறேன். என் பேரை அவளே வைத்துக்கொள்ளட்டும். சாகும்போது அதைச் சொல்லித்தான் செத்திருக்கிறாள். அவளிடமிருந்து அதைத் திரும்ப வாங்க எனக்கு மனசு வரவில்லை. அந்த மணையில் உட்கார வேண்டியவள் நான். இருமல் நின்ற அன்றைக்கே நான் போயிருக்க வேண்டும். தையல் கிளாஸ் நன்றாக இருந்தது, போகவில்லை.

அம்மாவிடம் இதைச் சொன்னேன். கையை ஓங்கிக்கொண்டு வந்தாள். அப்புறம் என் காலடியில் உட்கார்ந்துவிட்டாள்.

பதில் போடுங்கள் மாமா.

இசைவாணி


கோயம்புத்தூர்
28.4.2006

அன்புள்ள மருமகளுக்கு மாமா ஆசீர்வாதம். பெயரை மாற்ற வழி இருக்கிறது. அரசிதழில் போட வேண்டும். ஆனால் அதற்கும் முதலில் நீ உயிரோடு இருக்க வேண்டும். செத்தவள் மனுப் போட முடியாது. எப்படிப் பார்த்தாலும் மாஜிஸ்திரேட் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும்.

அவள் பேரை அவளுக்குக் கொடுத்தால்தான் உன் பேர் உன்னிடம் வரும் அம்மா. அதைப் பறித்துக்கொள்வதாக நினைக்காதே. வெள்ளைத்துரையும் கம்பெனியும் வைத்த கணக்கு அது. நீ வைத்ததில்லை. நல்லதாகச் சாப்பிடு.

கீழே இருப்பதை அம்மாவிடம் கொடு.

அக்கா, இனி அந்தக் கேள்வியை நான் கேட்க மாட்டேன். கோர்ட்டில் நான் உன் பக்கத்தில் இருக்க முடியாது. தேர்தல் முடிந்து வாய்தா போடுவார்கள், அந்த நேரத்தில் இங்கே லீவு கிடைக்காது. கூண்டில் ஏறினால் பயப்படாதே. தெரிந்ததைச் சொல். யாரும் சொல்லிக்கொடுத்ததைச் சொல்லாதே. எனக்கு எழுத முடியாததை அங்கே சொன்னால் போதும்.

சீனிவாசகம்


ஊசிப்பாறைப்பட்டி
6.8.2006

அன்புள்ள தம்பி சீனிவாசகத்துக்கு அக்கா சோலையம்மாள் எழுதுவது. ஆறு மாசத்துக்குப் பிறகு பேனாவைப் பிடிக்கிறேன். உன் வீட்டில் எல்லாரும் சுகம் என்று இசைவாணி சொன்னாள். அவளுக்கு இந்த மாசம் கடைசியில் நாள் சொல்லியிருக்கிறார்கள்.

போன மாசம் கோர்ட்டில் கூப்பிட்டார்கள். முதலில் சண்முகத்தாய் ஏறினாள். "நான் பக்கத்துல உக்காந்து வேலை பாத்தவ. செத்தது சின்னப்பிள்ளை" என்று தெளிவாகச் சொன்னாள். அவளைக் கம்பெனியில், சீசன் முடிந்த பிறகு பார்ப்போம் என்று சொல்லி நிறுத்திவிட்டார்கள். அதற்கு ஏதாவது சட்டம் இருந்தால் எழுது. அவளுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

பிறகு நான் ஏறினேன். மாஜிஸ்திரேட் ஐயா காகிதத்தைப் படித்துவிட்டுக் கேட்டார். "இறந்துபோன பெண்ணே தன் பெயர் இசைவாணி என்று வாக்குமூலம் கொடுத்திருக்கிறாள். சாகிற நேரத்தில் யாரும் பொய் சொல்ல மாட்டார்கள் என்பதுதான் சட்டத்தின் நம்பிக்கை. நீங்கள் வேறு சொல்கிறீர்களே அம்மா, எதை நம்புவது?"

நீ திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விதான். உனக்கு எழுத முடியவில்லை. எழுதினால் நான் அதைத் திரும்ப வாசிக்க வேண்டும். அங்கே சொன்னதை இப்போது எழுதுகிறேன்.

"அது பொய் இல்லங்கய்யா. அவ சொல்பேச்சுக் கேட்டிருக்கா. வேலைக்கு அனுப்புறதுக்கு மொத நாள் உக்கார வச்சுச் சொல்லிக்குடுத்தேன். ஆபீசர் வருவாக, போலீஸ் வருவாக, யாரு கேட்டாலும் பேரு இசைவாணி, வயசு பத்தொம்பதுன்னு சொல்லணும். மாத்திச் சொன்னா அக்காவுக்கு இடம் போயிரும்னேன். தெனமும் தலை சீவயில கேப்பேன். பேரென்ன, வயசென்னன்னு. சரியாச் சொல்லுவா."

"வாக்குமூலம் எடுக்கும்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள்?"

"தெரைக்கு வெளிய நின்னேன்யா. உள்ள பேரு கேட்டாக. அவ சொன்னது எனக்கு நல்லாக் கேட்டுச்சு."

"அப்போதே நீங்கள் சொல்லியிருக்கலாமே."

"பிழைச்சு வந்துருவான்னு நெனச்சேன்யா. வந்தா அந்த எடம் வேணும்னு நெனச்சேன்."

அவர் டைப் அடிக்கிறவரிடம் இங்கிலீசில் ஏதோ சொன்னார். பத்து நாளில் உத்தரவு வந்துவிட்டது. இசைவாணி இறப்பு ரத்து. பானுப்பிரியா இறப்பைப் பதிந்து சான்றிதழ் கொடுத்தார்கள். கம்பெனியின் மேல் தனி வழக்கு நடக்கும் என்று வக்கீலம்மா சொன்னார். வெள்ளைத்துரையைப் பஸ்ஸில் பார்த்தேன், முகத்தைத் திருப்பிக்கொண்டார். பொன்னுத்தங்கம் வளையலும் பூவும் கொண்டுவந்து இசைவாணியை உட்கார வைத்துப் போட்டாள். பிரசவம் முடிந்ததும் அவர்களே வந்து கூட்டிக்கொண்டு போவார்களாம். நீ எழுதியதெல்லாம் நடந்தது. நீ நன்றாக இருக்க வேண்டும்.

சான்றிதழை வாங்கிக்கொண்டு வந்த அன்று வாசலில் உட்கார்ந்திருந்தேன். பிள்ளையைக் கொண்டுவந்து கிடத்திய அன்று பந்தலில் போலீசாரும் கம்பெனி ஆட்களும் நின்றார்கள், உனக்கே தெரியும். மாரடிக்க வந்த பெண்களின் காதில் நான் ஒவ்வொருத்தியாகச் சொன்னேன், பேரைச் சொல்லி அழுதுவிடாதீர்கள் என்று. எல்லாரும் மகளே, மகளே என்று மட்டும் அழுதார்கள். நானும் அப்படித்தான் அழுதேன். வாய் அந்தப் பேருக்குத்தான் போனது, பல்லைக் கடித்துக்கொண்டேன்.

இப்போது யாரையும் நான் கூப்பிடவில்லை. அவர்களாக வந்தார்கள். இருளம்மாள் வந்தாள். வேலை முடிந்து வந்தவர்கள் சாப்பாட்டுத் தூக்கோடு அப்படியே வந்து உட்கார்ந்தார்கள். சண்முகத்தாய் என் தோளைக் கட்டிக்கொண்டாள். "மதினி, இப்பப் பேரச் சொல்லலாமா?" என்று கேட்டாள்.

சொல்லலாம் என்றேன்.

உன் அக்கா
சோலையம்மாள்